மூடிய கடல், மறைந்த கரை: மும்பையில் படகுகள் மழைக்காலம் கழித்த வரலாறு

மே மாதத்தின் பிற்பகுதியில், உவா நாளை ஒட்டி, மாகிம் கரையிலோ டிராம்பே துறையிலோ நிற்பவர்களுக்கு ஒரு காட்சி வாய்க்கும். ஓதம் ஏறி உச்சியைத் தொடும் வேளையில் கோளி மீனவர்கள் தங்கள் படகுகளைக் கரைநோக்கிச் செலுத்தி, நீர் எட்டும் கடைசி எல்லையில் தரைதட்ட விடுவார்கள். நீர் வடிந்ததும் இரு பக்கமும் முட்டுக்கட்டை கொடுத்துப் படகை நிமிர்த்துவார்கள். வலை, கயிறு, நங்கூரம், இயந்திரத்தின் கழற்றத்தக்க பாகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கும். அடிப்பலகையில் ஒட்டிய கொட்டலசு சுரண்டப்படும். இறுதியில் மூங்கிலைக் குறுக்கே கட்டி, முன்பு ஓலையாலும் இன்று தார்ப்பாயாலும், படகின் மேல் ஒரு கூரை எழும். மராத்தியில் இதற்கு ‘ஷாகாரணே’ என்று பெயர். மழைக்கு முன் வீட்டுக்கூரை வேய்வதற்கும் அதுவே சொல். வீடும் படகும் ஒரே வினைச்சொல்லின்கீழ் வருவதைக் கேட்டபோதுதான் இப்பொருளைத் தனியாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

தாராவித் தமிழர் குடியேற்றம் பற்றிய ஆவணங்களைத் தேடிக்கொண்டிருந்த நான் படகுகளிடம் வந்து சேர்ந்தது தற்செயல். ஆயினும் அந்தத் தற்செயல் என் பழைய முடிவுகள் சிலவற்றைக் கலைத்துவிட்டது. அதைப் பகிர்வதே இப்பதிவின் நோக்கம். சற்று நீளும், மாணவர்கள் பொறுத்தருள்க.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் படகைக் குளிர்காலத்திற்காகக் கரையேற்றுவது பனிக்கு அஞ்சி. நம் மேற்குக் கரையில் அந்த இடத்தைத் தென்மேற்குப் பருவமழை வகிக்கிறது. இந்த ஒப்புமை நான் புனைந்ததன்று. பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியர் கோவாவின் மழைக்காலத்தைத் தங்கள் மொழியில் குளிர்காலம் என்றே எழுதினர். அவர்களைப் பின்பற்றி ஆங்கிலேயரும் நெடுங்காலம் அவ்வாறே எழுதினர். 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இந்த வழக்குக்குத் தனிப்பதிவு ஒதுக்கி, அது தங்கள் காலத்தில் மறைந்துவிட்டதாகவும் குறிக்கிறது. வெப்பமானியைப் பார்த்தால் இப்பெயர் நகைப்புக்குரியது. கடலோடியின் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் மிகச் சரியானது. கப்பல் எப்போது உறங்குகிறதோ அப்போது குளிர்காலம்.

அரபுக் கடலோடிகள் இதே பருவத்தைக் ‘கடல் மூடுதல்’ என்றனர். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய மாலுமி இப்னு மாஜித், எந்தத் துறைமுகத்திலிருந்து எந்த நாளுக்குமுன் புறப்பட வேண்டும் என்பதை நாள் எண்ணிக்கையுடன் வகுத்துத் தருகிறார். மூடுவதற்கு முன் ஒரு வாயில், திறந்த பின் ஒரு வாயில். இடையில் மேற்குக் கரைக்குப் போக்குவரவில்லை.

இந்த இடைக்காலத்தில் கப்பலுக்கு என்ன செய்தார்கள் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் சான்றுகளுள் தெளிவானது டச்சுக்காரர் லின்ஸ்கோட்டனுடையது. 1583 முதல் 1588 வரை கோவாவில் பேராயரின் எழுத்தராக இருந்தவர்; அவரது பயண நூல் 1596-இல் வெளிவந்தது. மழை நெருங்கும்போது கப்பல்கள் எல்லாம் ஆற்றுக்குள் கொண்டுவரப்பட்டு, கயிறும் பாயும் களையப்பட்டு, உள்ளிருப்பவை அனைத்தும் இறக்கப்பட்டு, மழைநீரில் மரம் அழுகாதபடி பாய்களால் மூடப்படும் என்று அவர் எழுதுகிறார். இன்று கோளிவாடாக்களில் காணும் வரிசை ஏறக்குறைய இதுவே. நானூறு ஆண்டுகளில் மாறியது மேலே போர்த்தும் பொருள்தான்.

இங்கே ஒரு தொழில்நுட்பச் செய்தியை விளக்கிவிடுவது நல்லது. ‘அழுகாதபடி’ என்று லின்ஸ்கோட்டன் சொல்வதைப் பலர் வியப்புடன் கேட்கிறார்கள். ஆண்டு முழுவதும் நீரில் கிடக்கும் மரம் மழையில் நனைந்தால் என்ன? உப்புநீர் மரத்தை ஓரளவு காக்கிறது. மரத்தை உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சைகள் அதில் எளிதில் வளர்வதில்லை. நல்லநீரோ அவற்றுக்கு விருந்து. ஆகவே கரையேறிய படகின் முதற்பகை மழை. மேற்கூரை மழையைத் தடுக்கிறது; அடியில் வடிகால் துளையைத் திறந்துவைப்பது உள்ளே கசிந்ததை வெளியேற்றுகிறது. கடலிலிருந்து படகைப் பிரிப்பதிலும் ஒரு சிகிச்சை உண்டு. மரத்தைத் துளைத்து வாழும் கப்பற்புழு நீரின்றி நெடுநாள் பிழைக்காது. மூன்று மாதம் உலர்ந்த பலகையில் அது மாண்டுபோகிறது. அதே சமயம், மிகையாக உலர்ந்தால் பலகைகள் சுருங்கி இணைப்புகள் வாய்பிளக்கும். எனவே நிழல் வேண்டும், காற்று வேண்டும், ஈரம் வேண்டாம், வெயிலும் வேண்டாம். படகைக் கிடத்தி வைப்பது என்பது இந்த நான்கையும் சமன்செய்யும் கலை.

திறப்பதற்குமுன் மறுபடியும் வேலை. இணைப்புகளில் பஞ்சும் பிசினும் திணித்து அடைப்பதைத் தமிழில் ‘கலப்பற்று’ என்கிறோம். அச்சொல் போர்த்துக்கீசியம் வழியாக நம்மிடம் வந்தது. அதன் மூலத்தை அரபு வரை கொண்டுசெல்பவர்களும் உண்டு. குங்கிலியமும் எண்ணெயும் நாமே வைத்திருந்தவை. பழைய இந்தியக் கப்பல்களின் அடிப்பாகத்தில் சுண்ணாம்பையும் எண்ணெயையும் குழைத்துப் பூசினர். புழுவுக்கு எதிரான காப்பு அது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செப்புத்தகடு பரவும்வரை ஐரோப்பியர் இதனைக் கவனித்து எழுதிவந்தனர். இரும்பும் கண்ணாடியிழையும் வந்த பின்னும் மும்பைப் படகுத்துறைகளில் மே மாதமும் ஜூலை மாதமும் எண்ணெய், வண்ணப்பூச்சு வாசனைகளால்தான் அடையாளம் பெறுகின்றன.

ஓதத்தைப் பற்றி முதலில் சொன்னேன். அது வெறும் வருணனையன்று. மும்பையில் உவா நாள்களில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே நான்கு மீட்டருக்கும் மேல் வேறுபாடு உண்டு. சென்னையில் அது ஒரு மீட்டரை ஒட்டியது. ஆகவே மும்பையில் பெரும் படகையும் கடலே தூக்கிவந்து கரையில் வைத்துவிட்டுப் போகும். எடுப்பதற்கும் கடலே வரும். சோழமண்டலக் கரையில் அந்த உதவி இல்லை. அலை உடையும் திறந்த கரையில் நம் முன்னோர் கட்டுமரத்தைத் தேர்ந்தது இதனோடு தொடர்புடையது. நாள்தோறும் கரையேற்றி, கட்டை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியே உலரவிடலாம். அங்கே ஓய்வு அன்றாடம், இங்கே ஆண்டுக்கொருமுறை.

இந்த வேறுபாடு தமிழகத்தின் அரசியல் வரலாற்றையே ஒருமுறை தீர்மானித்தது என்பது நம் பாடநூல்களில் போதிய அளவு பேசப்படாதது. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் போர்க்கப்பல்கள் கரையைவிட்டு நீங்கியாக வேண்டும். சோழமண்டலத்தின் ‘குளிர்காலம்’ அது. எங்கே போவது? ஆங்கிலேயருக்குப் பம்பாய் இருந்தது. சூரத்திலிருந்து வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியாவின் தச்சர் மரபு 1730-களிலேயே அங்கு வேரூன்றியிருந்தது. 1750-இல் கல்லால் கட்டிய உலர்துறை அங்கே அமைந்தது. முன்சொன்ன ஓதமே அதனை நிரப்பியது, வடித்தது. பிரெஞ்சுக்காரர்கள் மொரீசியஸ் வரை போக வேண்டியிருந்தது. 1758-இல் போகாக்கின் படை பம்பாய்க்கு விலகிச் சென்றபின் லாலி சென்னையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் பம்பாயிலிருந்து கப்பல்கள் வந்ததும் முற்றுகை முறிந்தது. 1782-இல் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை என்று நம் கரையோரமாகவே சுஃப்ரனுடன் மோதிய எட்வர்டு ஹியூஸும் பழுதுபார்க்கப் பம்பாய்க்கே சென்றார். உலர்துறை இல்லாத சுஃப்ரன் அவ்வாண்டுப் பருவத்தைச் சுமத்திராவின் ஆச்சேயில் கழித்தார். கரையைவிட்டு நீங்காமல் நின்றால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 1761 சனவரி முதல் நாள், புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பல்கள் பல புயலில் அழிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

வெற்றி தோல்விகளுக்குப் பல காரணங்கள் உண்டென்பதை அறிவேன். படகை எங்கே கிடத்துவது என்ற கேள்வி அவற்றுள் ஒன்று என்பதே என் வாதம்.

அதே மாற்றம் மராட்டியக் கடற்படைக்கும் முடிவு எழுதியது. கான்ஹோஜி ஆங்கரேயின் வழிவந்தவர்கள் மழைக்காலத்தில் தங்கள் கலங்களைக் கழிகளுக்குள் இழுத்து வைத்தனர். விஜயதுர்க் அருகே வாகோட்டன் கழியில் பாறையை வெட்டி அமைத்த துறையின் எச்சம் இன்றும் உள்ளது. 1756 பிப்ரவரியில், கடல் திறந்திருந்த பருவத்தில், வாட்சனும் கிளைவும் விஜயதுர்க்கைத் தாக்கியபோது துளாஜி ஆங்கரேயின் கலங்கள் நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்த நிலையில் தீப்பற்றி எரிந்தன.

மூடிய கடலை மதியாத பருவம் நீராவியோடு வந்தது. ஆயினும் கொங்கணக் கரையோரப் பயணிக் கப்பல்கள் இருபதாம் நூற்றாண்டிலும் மழைக்காலத்தில் நின்றுவிடுவதே வழக்கம். துறைமுக வளைவுக்குள் குறுகிய தொலைவு ஓடியவை மட்டும் தொடர்ந்தன. 1947 சூலை 17 அன்று பம்பாயின் பாவுச்சா தக்காவிலிருந்து ரேவாஸுக்குப் புறப்பட்ட ‘ராம்தாஸ்’ அத்தகைய குறுகிய பயணத்தில்தான் கவிழ்ந்தது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். விடுதலைக்கு ஒரு மாதத்திற்கும் குறைவான நாள்கள் இருந்தன. செய்தி விரைவில் பின்தள்ளப்பட்டது. இன்றும் கேட்வேயிலிருந்து மாண்ட்வா செல்லும் படகுகள் மே இறுதியில் நிறுத்தப்படுகின்றன.

இனி, நான் முதலில் சொன்ன கலைந்த முடிவுகளுக்கு வருகிறேன்.

மகாராஷ்டிரத்தில் இயந்திரப் படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கிழக்குக் கரையில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. சட்டம் சொல்லும் காரணம் மீன்களின் இனப்பெருக்கம். பழைய வழக்கம் சொல்லிய காரணம் மனிதனும் படகும். ஏறக்குறைய அதே நாள்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு வேறொரு பொருளை வைத்தது நவீன அரசு. இதன் விளைவு சிறியதன்று. வழக்கத்தின்படி கடல் திறப்பது நாரளி பௌர்ணமி அன்று: ஆவணி முழுநிலவில் தேங்காயைக் கடலுக்கு அளித்துவிட்டே படகு இறங்கும். மாட்டுங்காவில் நம்மவர்கள் ஆவணி அவிட்டத்திற்குப் பூணூல் மாற்றும் அதே நிலவில், இரண்டு கிலோமீட்டர் மேற்கே மாகிமில் அது நடக்கும். இரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் அறியாமல் நூறு ஆண்டு வாழ்ந்துவிட்டோம் என்பது வேறு கதை. சட்டத்தின்படியோ கடல் ஆகஸ்டு 1 அன்று திறக்கிறது. நிலவு எங்கிருந்தாலும் சரி, அலை எவ்வாறிருந்தாலும் சரி. தடையை ஆகஸ்டு நடுப்பகுதிவரை நீட்டுமாறு மீனவர் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கோரிவருவதை, மீனவர்களே தடையை மிகுதியாகக் கேட்கிறார்களா என்று வியக்கும் செய்தியாளர்கள் புரிந்துகொள்ளாதது இதுவே. முழுநிலவில் கடலுக்குச் செல்லாமல் சுறாக்கோட்டை நட்டு வழிபட்ட பரதவரைப் பட்டினப்பாலை வழியே அறிந்த நமக்கு இது புதிதாக இருக்கக் கூடாது.

சட்டம் காலத்தை வகுத்தது. இடத்தைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. 61 நாள் படகு கடலில் இருக்கலாகாது என்றால், அது எங்கே இருக்க வேண்டும்? முட்டுக்கட்டைக்கு இடம், வலை விரிக்க இடம், தச்சனும் வண்ணம் பூசுவோனும் சுற்றிவர இடம். படகு கிடக்கும் தரை என்பது படகின் நீளத்தைக் காட்டிலும் பன்மடங்கு. ஆண்டில் மூன்று மாதம் மட்டும் நிறைந்து, ஒன்பது மாதம் வெறுமையாகக் கிடக்கும் நிலம் அது.

அந்த ஒன்பது மாதத்தில்தான் அளவையாளர்கள் வருகிறார்கள். இதை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காலனிய இந்தியாவில் நில அளவை வறண்ட பருவத்துத் தொழில். மழை தொடங்கியதும் அளவைக் குழுக்கள் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு அலுவலகத்திற்குத் திரும்பி வரைபடம் தீட்டும். மீனவர் படகைக் கரையேற்றும் வாரங்களும் அளவையாளர் களத்தைவிட்டு அகலும் வாரங்களும் ஒன்றே. கரை நிறைந்திருக்கையில் பார்க்க ஆளில்லை. பார்க்க ஆள் வருகையில் கரை வெறுமை. ‘தரிசு’, ‘சதுப்பு’, ‘பயனற்றது’ என்ற சொற்கள் வரைபடத்தில் ஏறியதில் தீய நோக்கத்தைக் காட்டிலும் இந்தப் பருவப் பொருத்தமின்மைக்குப் பங்கு அதிகம் என்பது என் ஊகம். ஊகம் என்றே வைத்துக்கொள்க. ஆயினும் இந்தக் கோணத்தில் பழைய வரைபடங்களின் களநாள்களைச் சரிபார்ப்பது ஒரு நல்ல முதுகலை ஆய்வேடாகும்.

தாராவிக்கு வருவோம். 1909-ஆம் ஆண்டு பம்பாய் கெசட்டியர், நகரின் ஆறு பெரும் கோளிவாடாக்களுள் ஒன்றாகத் தாராவியைக் குறிக்கிறது. இன்று உள்நாட்டு நகர்ப்பகுதிபோல் தோன்றும் அவ்விடம் மாகிம் கழியின் கரையில் இருந்த மீனவர் ஊர். அங்கே நிற்கும் காலா கில்லா என்னும் ரிவா கோட்டையில் ஆளுநர் ஜான் ஹார்ன் பெயரும் 1737 என்ற ஆண்டும் பொறித்த கல் உள்ளது. நீர்வழியைக் காவல்காக்க எழுந்த கோட்டை இன்று நீரைக் காணாமல் நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிந்த சயான் பாதையும், 1845-இல் திறக்கப்பட்ட மாகிம் பாதையும் கழியின் இரு முனைகளை நெருக்கின. வண்டல் படிந்தது. நகரின் தோல் பதனிடும் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே ஒதுக்கப்பட்டபோது, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நம் மக்கள் வந்தனர். 1970-களுக்குப்பின் கழியின் வடகரைச் சதுப்பில் பாந்திரா-குர்லா வளாகம் எழத் தொடங்கியது.

தாராவித் தமிழர் வரலாற்றை எழுதும்போது ‘சதுப்பை மேடாக்கி வாழ்விடம் ஆக்கினோம்’ என்று பெருமிதத்துடன் எழுதுவது நம் வழக்கம். என் முந்தைய கட்டுரை ஒன்றிலும் அவ்வாறே எழுதியுள்ளேன். குப்பையும் மண்ணும் கொட்டி, முழங்கால் நீரில் வீடு கட்டிய அந்த உழைப்பு உண்மை. அதை ஒரு சொல்லும் குறைக்கமாட்டேன். ஆனால் அந்தச் சதுப்பின் விளிம்பு எவருக்கும் பயன்படாதது என்ற எடுகோளை நான் அளவையாளரிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டேன். அங்கே மழைக்காலத்தில் படகு கிடந்தது. தாராவிக் கோளிகள் மீன்பிடியைவிட்டு நீங்கியதற்குக் கழிவுநீரும் மீன்வளக் குறைவுமே காரணமாகச் சொல்லப்படுகின்றன. கரையை இழந்ததும் ஒரு காரணமாகச் சேர்த்தெண்ணப்பட வேண்டும். வலை வாங்கலாம், இயந்திரம் வாங்கலாம். படகைக் கிடத்த இடமில்லாதவன் படகை விற்றுவிடுவான்.

இதற்குத் தோல் கிடங்குத் தொழிலாளியைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. அவருக்கும் வேறிடம் தரப்படவில்லை. இரு ஏழைச் சமூகங்களை ஒரே விளிம்பில் நிறுத்தியது யார் என்பதே வரலாற்றாசிரியன் கேட்க வேண்டியது.

செம்பூர்ப் பக்கத்தில் நிலை வேறு. மாஹூல், டிராம்பே கோளிவாடாக்களின் எதிரே 1950-களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. 1954-இல் அணுசக்தி நிறுவனம் வந்தது. செம்பூர்த் தமிழ் நடுத்தர வர்க்கம் பெரிதும் இந்நிறுவனங்களின் ஊதியத்தில் வளர்ந்தது. படகுகள் அங்கே இன்றும் கரையேறுகின்றன, குறுகிய வரிசையில், ஒன்றையொன்று உரசிக்கொண்டு.

2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை பெருமும்பையின் கோளிவாடாக்களை அடையாளங்கண்டு தனியே வகைப்படுத்தச் சொன்னது. அதன்பின் எழுந்த எல்லைத் தகராறுகள் அனைத்தும் வீட்டையே சுற்றி வருகின்றன: எது ஊர், எது குடிசை, எது வீட்டுமனை. தாராவி மறுசீரமைப்பிலிருந்து தங்கள் ஊரை விலக்கிவைக்குமாறு தாராவிக் கோளிவாடா மக்கள் கோருவதும் இவ்வகையிலேயே விவாதிக்கப்படுகிறது. வலை உலரும் திடலும் படகு கிடக்கும் தரையும் எவர் பெயரிலும் இல்லாததால் வரைபடத்தில் நிறமின்றிக் கிடக்கின்றன. ஊர்ப் பொது என்ற சொல் நமக்கு உண்டு. புறம்போக்கு என்ற சொல்லும் உண்டு. ஒரே நிலத்துக்கு எச்சொல்லை இடுகிறோம் என்பதில் வழக்கின் முடிவு அடங்கியிருக்கிறது.

தாராவி, மாகிம், மாஹூல், டிராம்பே பகுதிகளில் ஜூன் முதல் ஆகஸ்டு வரையான மாதங்களில் எடுத்த பழைய குடும்பப் புகைப்படங்கள் எவரிடமேனும் இருந்தால், குறிப்பாக 1980-க்கு முற்பட்டவை, தயைகூர்ந்து தெரிவியுங்கள். திருமணப் படமாயினும் பள்ளிப் படமாயினும் சரி. பின்புலத்தில் தார்ப்பாயோ ஓலையோ போர்த்திய ஒரு படகு தெரிந்தால் போதும்.